சான் டியேகோ ஓய்வூதிய நிதியம்: மக்கள் வாக்களித்த விதி ஏன் நிலைக்கவில்லை?

அமெரிக்காவின் சான் டியேகோ நகரத்தில் 2012-இல் வாக்காளர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் ஆதரித்து நிறைவேற்றிய ஓய்வூதியச் சீர்திருத்தத்தை நீதிமன்றம் எப்படி நீக்க முடிந்தது என்றும், ஊழியர்களின் பேராசைதான் அந்த நகரத்தைக் கடனில் தள்ளியது என்பது உண்மையா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் ஒரே வரலாற்றின் இரு முனைகள். 2012-ஐ மட்டும் பார்த்தால் நீதிமன்றம் மக்களின் முடிவைத் தட்டிப் பறித்தது போலத் தோன்றும். 1996-இலிருந்து பார்த்தால் வேறொன்று தெரியும்: ஓய்வூதிய விதிகளை மாற்ற நினைத்த இரண்டு பெரிய தருணங்களிலும் அந்த நகரத்தின் பொறுப்பாளர்கள், மாற்றத்துக்கென்று ஏற்கெனவே வகுக்கப்பட்டிருந்த வழியைச் சுற்றிக்கொண்டு போகவே முயன்றார்கள். முதல் முறை அதனால் நிதியம் சரிந்தது. இரண்டாம் முறை, நிதியத்தைச் சீராக்க வந்த சட்டமே சரிந்தது.

முதலில் இந்த நிதியம் எப்படி இயங்குகிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் தகராறு முழுவதும் இந்த இயக்கத்துக்குள்ளேதான் நடந்தது. தமிழ்நாட்டில் பழைய ஓய்வூதியத் திட்டம் என்று நாம் அறிந்ததில் தனி நிதி எதுவும் திரட்டப்படுவதில்லை. ஓய்வுபெற்றவருக்கான தொகையை அந்தந்த ஆண்டின் வரவு செலவிலிருந்து அரசு கொடுக்கிறது. சான் டியேகோவில் ஊழியருக்குக் கிடைக்கும் வாக்குறுதி ஏறக்குறைய அதே வகையைச் சேர்ந்ததுதான்: பணியாற்றிய ஆண்டுகளை ஒரு சதவீதக் காரணியால் பெருக்கி, அதை அவருடைய உச்ச ஊதியத்தாலும் பெருக்கிக் கணக்கிட்ட தொகை வாழ்நாள் முழுவதும் கிடைக்கும். ஆனால் அந்த வாக்குறுதிக்கான பணத்தை, ஊழியர் வேலை பார்த்துக்கொண்டிருக்கும் காலத்திலேயே நகரமும் ஊழியரும் சேர்ந்து ஒரு நிதியத்தில் செலுத்த வேண்டும். நிதியம் அதைப் பங்குகளிலும் பத்திரங்களிலும் முதலீடு செய்யும். ஒவ்வோர் ஆண்டும் ஆக்சுவரி எனப்படும் கணிப்பாளர், ஊழியர்களின் வயது, ஊதிய உயர்வு, ஆயுட்காலம், முதலீட்டு வருமானம் ஆகியவற்றை மதிப்பிட்டு, இந்த ஆண்டு நகரம் இவ்வளவு செலுத்த வேண்டும் என்று சொல்வார். கையிலுள்ள சொத்து, கொடுக்க வேண்டிய மொத்தப் பொறுப்பில் எத்தனை சதவீதம் என்பதே நிதி நிறைவு விகிதம். அது 100-க்குக் கீழே இறங்கினால், இறங்கிய அளவு நகரத்தின் கடன். வங்கிக் கடனைப் போலவே அதற்கும் வட்டி உண்டு. செலுத்தாமல் விட்ட தொகை ஈட்டியிருக்க வேண்டிய வருமானத்தையும் பிற்பாடு நகரமே சேர்த்துக் கொடுக்க வேண்டியிருக்கும்.

இன்னொரு செய்தியையும் இங்கேயே குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். சான் டியேகோ நகர நிர்வாகம் 1982-இல் அமெரிக்காவின் சமூகப் பாதுகாப்புத் திட்டத்திலிருந்து வெளியேறிவிட்டது. ஆகவே தனியார் நிறுவன ஊழியருக்கு முதுமையில் கிடைக்கும் அந்த அடிப்படைத் தொகை, நகரத்தில் செய்த பணிக்காக நகர ஊழியருக்குக் கிடையாது. நகரத்தின் ஓய்வூதியத்தையும் அதையொட்டிய சேமிப்பையும்தான் அவர் நம்பியிருக்க முடியும்.

நிதியத்தை நடத்துவது ஓர் அறங்காவலர் குழு. 1992-இல் கலிபோர்னியா வாக்காளர்கள் மாநில அரசமைப்பைத் திருத்தி, இத்தகைய குழுக்களுக்கு நிதியத்தின் மீதும் அதன் கணிப்புகளின் மீதும் முழு அதிகாரம் அளித்தார்கள். பட்ஜெட் நெருக்கடி வரும்போதெல்லாம் அரசியல்வாதிகள் ஓய்வூதியப் பணத்தின் மேல் கைவைத்துவிடக் கூடாது என்பதே அந்தத் திருத்தத்தின் நோக்கம். அப்படிக் காவலுக்கு நிறுத்தப்பட்ட குழுவே நான்கு ஆண்டுகளில் கதவைத் திறந்துவிட்டது என்பதுதான் சான் டியேகோ வரலாற்றில் என்னை மிகவும் வருத்தும் பகுதி.

1996-இல் நகரத்துக்குப் பணமுடை. அந்த ஆகஸ்டில் குடியரசுக் கட்சியின் தேசிய மாநாடு அங்கே நடக்கவிருந்தது. வரியை உயர்த்தவோ சேவைகளை வெட்டவோ யாருக்கும் மனமில்லை. சான் டியேகோவின் மனநிலையை அறிய ஓர் எடுத்துக்காட்டு போதும்: 1919-இல் இயற்றப்பட்ட ஒரு நகரச் சட்டத்தின் பயனாக, தனி வீடுகளிலிருந்து குப்பை அள்ளுவதற்கு நகரம் தனிக் கட்டணம் வாங்க முடியாத நிலை நூறாண்டுகளுக்கு மேல் நீடித்தது, 2022-இல்தான் வாக்காளர்கள் அதை மாற்றச் சம்மதித்தார்கள். சேவை வேண்டும், அதற்கான விலை வேண்டாம் என்ற இந்தப் பழக்கம் குடிமக்களுக்கும் இருந்தது, அவர்கள் தேர்ந்தெடுத்தவர்களுக்கும் இருந்தது. பணத்தை எங்கிருந்தாவது எடுத்தாக வேண்டும் என்ற நிலையில், எவர் கண்ணுக்கும் உடனே தெரியாத இடம் ஓய்வூதிய நிதியமாக இருந்தது.

நகர நிர்வாகத்தின் தலைமை அதிகாரியான நகர மேலாளர், அறங்காவலர் குழுவின் முன் ஒரு திட்டத்தை வைத்தார். நகரத்தில் இதை மேலாளரின் முதல் முன்மொழிவு என்றே அழைத்தார்கள். கணிப்பாளர் சொல்லும் தொகையை நகரம் சில ஆண்டுகளுக்குச் செலுத்தாது. அதற்குப் பதிலாக முன்கூட்டியே நிர்ணயித்த, ஆண்டுக்கு அரை சதவீதமாக ஏறும் ஒரு குறைந்த விகிதத்தைச் செலுத்தும். ஈடாக ஊழியர்களின் ஓய்வூதியக் காரணி உயர்த்தப்படும். ஒரு பாதுகாப்பு ஏற்பாடும் எழுதிச் சேர்க்கப்பட்டது: அப்போது 92.3 ஆக இருந்த நிறைவு விகிதம் 10 புள்ளிகள் குறைந்து 82.3 சதவீதத்துக்குக் கீழே போனால், நகரம் பெருந்தொகை ஒன்றைச் செலுத்தி அதைத் தூக்கி நிறுத்த வேண்டும்.

இந்த ஏற்பாட்டில் எல்லோருக்கும் ஏதோ ஒன்று கிடைத்தது. நகரத்துக்குப் பட்ஜெட்டில் மூச்சுவிட இடம். ஊழியர்களுக்குக் கூடுதல் ஓய்வூதியம். சங்கத் தலைவர்களுக்கு வெற்றி. மேயருக்கும் மன்றத்துக்கும் வரி உயர்வு இல்லாத ஒரு தேர்தல் காலம். விலை கொடுக்க வேண்டியவர் அந்த அறையில் இல்லை. பத்தாண்டுகளுக்குப் பின் வரி கட்டப்போகிறவரும், அப்போது பணிக்கு வரப்போகிற இளம் ஊழியரும்தான் அந்த விலையைக் கொடுக்க வேண்டியிருந்தது. பொறுப்பைக் கூட்டிக்கொண்டே செலுத்தும் தொகையைக் குறைப்பது எப்படிக் கூடும் என்ற எளிய கேள்வியைக் குழு கேட்டிருக்க வேண்டும். குழுவில் பெரும்பாலோர் நகர அதிகாரிகளாகவும் ஊழியர் பிரதிநிதிகளாகவும், அதாவது அந்த உயர்வால் தாங்களே பயன்பெறுகிறவர்களாகவும் இருந்தார்கள்.

காரணி உயர்வு என்பது காகிதத்தில் சிறிய எண்ணாகத் தெரியும். 30 ஆண்டு பணியாற்றிய ஒருவருக்குக் காரணி 2.25 ஆக இருந்தால் ஊதியத்தில் 67.5 சதவீதம், 2.5 ஆனால் 75 சதவீதம். கால் சதவீதம் என்று பேசப்படுவது வாழ்நாள் முழுவதும் மாதந்தோறும் கூடுதலாகப் போகும் 7.5 சதவீதம். அதைவிட முக்கியமானது, உயர்வு இனிச் செய்யும் பணிக்கு மட்டுமல்லாமல் செய்து முடித்த ஆண்டுகளுக்கும் சேர்த்தே பொருந்தியது. ஏற்கெனவே பழைய விகிதத்தில் பங்களிப்புச் செலுத்தி முடித்த ஆண்டுகளுக்குப் புதிய விகிதத்தில் ஓய்வூதியம் என்றால், இடைப்பட்ட தொகை அன்றைக்கே கடனாகப் பிறந்துவிடுகிறது.

இன்னும் ஆழமான ஓட்டை ஒன்றும் இருந்தது. நிதியத்தின் முதலீடு ஆண்டுக்கு 8 சதவீதம் ஈட்டும் என்பது அன்றைய கணிப்பு. எந்த ஆண்டிலாவது அதற்கு மேல் வந்தால், அந்த மேல்வருமானத்தை உபரி என்று பெயரிட்டு, நகரச் சட்டம் வகுத்த வரிசைப்படி ஒவ்வொன்றாகப் பகிர்ந்தார்கள். ஓய்வுபெற்றவர்களுக்கு ஆண்டில் 13-ஆவது காசோலை, அவர்களுடைய மருத்துவக் காப்பீட்டுச் செலவு, இன்னும் சில என்று ஒரு படியிலிருந்து அடுத்த படிக்கு வழிந்ததால் இதை நகரத்தில் அருவி என்றே சொன்னார்கள். ஆனால் சராசரி 8 என்றால் சில ஆண்டு 15 வரும், சில ஆண்டு இழப்பு வரும் என்றுதான் பொருள். ஐப்பசி மழையில் நிறைந்த ஏரியின் தண்ணீரை உபரி என்று சொல்லிக் கலிங்கு வழியாகத் திறந்துவிட்டவன், சித்திரையில் பயிருக்கு எங்கே போவான்? 1990-களின் பிற்பகுதியில் பங்குச் சந்தை ஏறிக்கொண்டே இருந்ததால் அந்தக் கேள்வி எழவில்லை. 2000-த்தில் நிறைவு விகிதம் 97.3 சதவீதம். அதே ஆண்டில் ஊழியர்கள் தொடுத்திருந்த கார்பெட் வழக்கு சமரசமாகி, ஓய்வூதியம் மேலும் உயர்ந்தது. அதன் ஒரு பகுதி உபரி வந்தால் மட்டுமே கொடுக்கப்படும் என்ற காரணத்தைக் காட்டி, அதைப் பொறுப்புகளின் கணக்கில் சேர்க்காமலும் விட்டார்கள்.

பிறகு சந்தை இறங்கியது. 2001-இல் விகிதம் 89.9 ஆனது. மேயர் டிக் மர்ஃபி நியமித்த நிதிநிலை ஆய்வுக் குழுவே 2002 பிப்ரவரியில் ஓய்வூதியச் செலவு எதிர்காலத்தின் தலையில் தள்ளப்படுகிறது என்று எச்சரித்தது. 82.3 என்ற கோடு நெருங்குவது தெரிந்ததும் நகரம் செய்தது, பெருந்தொகையைத் திரட்டுவதற்கு வழி தேடுவதல்ல. கோட்டைத் தாண்டினாலும் உடனே செலுத்த வேண்டியதில்லை, சில ஆண்டுகளில் படிப்படியாகச் சரிசெய்துகொள்ளலாம் என்று விதியை மாற்றித் தருமாறு குழுவைக் கேட்டது. இதுவே மேலாளரின் இரண்டாம் முன்மொழிவு. இம்முறையும் ஈடு ஓய்வூதிய உயர்வுதான்; பொது ஊழியர்களின் காரணி 2.5 ஆனது. அந்த உயர்வு, குழு நகரத்துக்கு இந்தச் சலுகையைத் தந்தால் மட்டுமே நடைமுறைக்கு வரும் என்ற நிபந்தனையோடு ஒப்பந்தமானது. அறங்காவலர்கள் நிதியத்தின் நலனை மட்டும் கருதி முடிவெடுக்க வேண்டியவர்கள். அவர்களில் பலருடைய சொந்த ஓய்வூதியம் அவர்களுடைய வாக்கோடு கயிறு கட்டி வைக்கப்பட்டது. தீயணைப்பு வீரர் சங்கத் தலைவராகவும் குழு உறுப்பினராகவும் இருந்த ஒருவருக்கு, சங்கத் தலைவராகப் பெற்ற ஊதியத்தையும் சேர்த்து ஓய்வூதியம் கணக்கிடும் தனிச் சலுகையும் அந்தப் பொட்டலத்துக்குள் இருந்தது.

குழுவிலிருந்து ஒருவர் மட்டும் வெளிப்படையாக எதிர்த்தார். டயான் ஷிபியோன் முதலீட்டுத் துறையில் பணியாற்றியவர். 2002 நவம்பரில் நகர மன்றத்தின் முன் நின்று இந்த ஏற்பாடு தவறு என்று அவர் எச்சரித்தார். மன்றம் அதைப் பொருட்படுத்தாமல் ஒப்புதல் அளித்தது. அடுத்த ஆண்டு, கழிவுநீர்த் திட்டத்துக்காக நகரம் வெளியிடவிருந்த கடன் பத்திரங்களின் விளக்க ஆவணத்தைப் படித்த அவர், ஓய்வூதியம் பற்றி அதிலிருந்த பகுதி உண்மைக்கு மாறானது என்று சுட்டிக்காட்டினார். அந்த வெளியீடு நிறுத்தப்பட்டது. 2004 ஜனவரியில், முந்தைய நிதி அறிக்கைகளில் பிழைகள் இருப்பதாக நகரமே அறிவிக்க வேண்டியதாயிற்று. குழுவில் தனித்து நின்ற ஒருவர், தன் முன் வைக்கப்பட்ட தாளைக் கவனமாகப் படித்ததாலேயே இது வெளியே வந்தது என்பதை இந்த வரலாற்றைப் பேசும் எவரும் விட்டுவிடக் கூடாது என்று நினைக்கிறேன்.

அதற்குப் பிறகு நடந்தவை வேகமானவை. 2002-இல் 77.3 ஆக இருந்த விகிதம் 2003-இல் 67.2 ஆனது. 2004 செப்டம்பரில் ஸ்டாண்டர்டு அண்ட் பூர்ஸ் நிறுவனம் நகரத்தின் கடன் தர மதிப்பீட்டை நிறுத்திவைத்தது. பொதுச் சந்தையில் கடன் திரட்டும் வழி நகரத்துக்குப் பல ஆண்டுகள் அடைபட்டது. நம்முடைய செபியைப் போன்ற அமெரிக்கப் பங்குப் பரிவர்த்தனை ஆணையம் விசாரித்து, 2006 நவம்பரில் நகரத்தின் மீது ஆணை பிறப்பித்தது. 2002-லும் 2003-லும் 26 கோடி டாலருக்கு மேற்பட்ட பத்திரங்களை ஐந்து வெளியீடுகளில் விற்றபோது, 2002 நிதியாண்டின் தொடக்கத்தில் 28.4 கோடி டாலராக இருந்த பற்றாக்குறை 2009-இல் ஏறத்தாழ 200 கோடி டாலராகும் என்பதும், ஆண்டுப் பங்களிப்பு 5.1 கோடியிலிருந்து 24.8 கோடியாக உயரும் என்பதும் நகரத்துக்குத் தெரிந்திருந்தன, முதலீட்டாளர்களிடம் அது சொல்லப்படவில்லை என்பதே குற்றச்சாட்டு. முன்னாள் அதிகாரிகள் நால்வர் 2010-இல் 5,000 முதல் 25,000 டாலர் வரை தண்டத்தொகை செலுத்தி வழக்கை முடித்துக்கொண்டனர். நகரமே அமர்த்திய க்ரோல் நிறுவனத்தின் விசாரணைக்கு மட்டும் 2 கோடி டாலருக்கு மேல் செலவானது. மர்ஃபி 2005 ஜூலையில் பதவி விலகினார்.

குற்றவியல் வழக்குகளின் முடிவு பலருக்கு ஏமாற்றம் அளித்தது. முன்னாள் அறங்காவலர் ஆறு பேர் மீது, தமக்கே பயன் தரும் ஒப்பந்தத்தில் வாக்களித்ததாக மாநிலச் சட்டப்படி வழக்குத் தொடரப்பட்டது. 2010-இல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் ஐவர் மீதான குற்றச்சாட்டுகளைத் தள்ளுபடி செய்தது. அவர்களுக்குக் கிடைத்த பயன் ஆயிரக்கணக்கான ஊழியர்களுக்கும் பொதுவாகக் கிடைத்ததே என்பதால் அது சட்டம் தடுக்கும் தனிநலன் ஆகாது என்றும், தனிச் சலுகை பெற்ற சங்கத் தலைவரின் நிலை மட்டும் வேறு என்றும் நீதிமன்றம் பிரித்துக் காட்டியது. கூட்டரசு தொடுத்த வழக்கும் அதே ஆண்டு தள்ளுபடியானது. குற்றம் ஆகவில்லை என்பதால் தவறு நடக்கவில்லை என்று பொருளல்ல. ஆனால், ஊழியர்களின் பேராசை என்ற ஒற்றைச் சொல்லுக்குள் இதை அடைக்க முடியாது என்பதற்கு அந்தத் தீர்ப்பும் ஒரு சான்று. குப்பை வண்டி ஓட்டியவரும் நூலகத்தில் புத்தகம் அடுக்கியவரும் தங்கள் ஊதியத்திலிருந்து பிடிக்கப்பட்ட பங்களிப்பைத் தவறாமல் செலுத்திக்கொண்டுதான் இருந்தார்கள். செலுத்தாமல் விட்டது நகரம். நகரம் முழுத் தொகையைக் கட்ட வேண்டும் என்று கோரி முதலில் வழக்குத் தொடர்ந்தவர் ஓய்வுபெற்ற ஓர் ஊழியர்தான். அந்த வழக்கின் சமரசப்படியே 2005 நிதியாண்டில் நகரம் 13 கோடி டாலர் செலுத்த ஒப்புக்கொண்டது. சங்கத் தலைமைகளுக்குப் பொறுப்பில்லை என்று நான் சொல்ல மாட்டேன். நிதியம் இளைக்கிறது என்று தெரிந்தும் உயர்வை வாங்கிக்கொண்டார்கள். தங்கள் உறுப்பினர்களின் சேமிப்பையே அடகாக வைத்தார்கள்.

ஏன் அந்த உயர்வுகளைத் திரும்பப் பெறவில்லை என்று நீங்கள் கேட்கலாம். நகர வழக்கறிஞர் மைக் அகிரே அதற்காகத்தான் வழக்கு நடத்தினார், தோற்றார். காலம் கடந்துவிட்டது என்பதும், முந்தைய சமரசங்களில் நகரமே அந்த உயர்வுகளை ஏற்றுக்கொண்டுவிட்டது என்பதும் அவருக்கு எதிராக நின்றன. இதற்கெல்லாம் அடியில் கலிபோர்னியாவில் வேரூன்றிய ஒரு கோட்பாடும் இருக்கிறது. லாங் பீச் நகரத்தின் ஓய்வூதியம் பற்றிய 1947, 1955 ஆண்டுத் தீர்ப்புகளிலிருந்து வளர்ந்த அக்கோட்பாட்டின்படி, ஊழியர் பணியில் சேரும்போது வாக்களிக்கப்பட்ட ஓய்வூதியம் ஓர் ஒப்பந்த உரிமை. அதைக் குறைத்தால் ஈடான வேறொரு நன்மையைக் கொடுக்க வேண்டும். ஆகவே பணியில் இருப்பவர்களின் ஓய்வூதியத்தைத் தொடுவது கடினம். இனிச் சேரப்போகிறவர்களின் விதியை மாற்றுவது எளிது. 2012-இன் கதை இங்கேதான் தொடங்குகிறது.

இடையில் நல்ல மாற்றங்களும் நடந்தன, அவற்றைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. 2004 நவம்பரில் வாக்காளர்கள் நகரத்தின் அடிப்படைச் சட்டமான நகர சாசனத்தைத் திருத்தி, அறங்காவலர் 13 பேரில் ஏழு பேர் நகரத்தோடோ நிதியத்தோடோ நலத்தொடர்பு இல்லாத வெளியாராக இருக்க வேண்டும் என்று விதித்தார்கள். 2006-இல், ஓய்வூதிய உயர்வு எதுவும் வாக்காளர்களின் ஒப்புதலைப் பெற வேண்டும் என்ற விதியும் வந்தது. என் மதிப்பீட்டில் உண்மையான சீர்திருத்தம் இவைதான். பலன் பெறுபவர் கையிலிருந்த திறவுகோலை இவை எடுத்தன. அமைதியாக, வழக்கில்லாமல் நிலைத்தன.

ஆனால் பழைய கடன் அப்படியே இருந்தது. 2008-இன் நிதி நெருக்கடி அதை இன்னும் பெருக்கியது. நூலக நேரம் குறைந்தது, தீயணைப்பு வண்டிகள் சில சுழற்சி முறையில் நிறுத்திவைக்கப்பட்டன. 2010 நவம்பரில் விற்பனை வரியை அரை சதவீதம் உயர்த்தும் யோசனையை மேயர் ஜெர்ரி சாண்டர்ஸ் மக்கள் முன் வைத்தபோது அது பெரும் வித்தியாசத்தில் தோற்றது. அதே மாதம் அவர் திசை திரும்பினார்: புதிதாகச் சேரும் ஊழியர்களில் பெரும்பாலோருக்கு இனி ஓய்வூதியமே கிடையாது, தனியார் நிறுவனங்களில் உள்ள 401(கே) கணக்கைப் போல ஒரு சேமிப்புக் கணக்கு மட்டும் இருக்கும். நம் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்தைப் போன்றது என்று வைத்துக்கொள்ளலாம். நகரம் ஒரு பங்கு போடும், ஊழியர் ஒரு பங்கு போடுவார், சந்தை எங்கே கொண்டு நிறுத்துகிறதோ அதுவே முதுமைக்கான கையிருப்பு. மன்ற உறுப்பினர் கார்ல் டிமாயோ இதைவிடக் கடுமையான ஒரு வரைவை வைத்திருந்தார். இரண்டும் இணைந்து, காவல் துறையினருக்கு மட்டும் விலக்கு அளிக்கும் ஒரே முன்மொழிவானது. அதுதான் ப்ரொபொசிஷன் பி. 2012 ஜூன் மாதம் நிறைவேறியது.

இப்போது உங்கள் முதல் கேள்விக்கு நேரடியாக வருகிறேன். கலிபோர்னியாவில் 1968 முதல் ஒரு சட்டம் இருக்கிறது: உள்ளாட்சி அமைப்பு ஊதியத்தையோ பணி நிபந்தனைகளையோ மாற்ற முடிவெடுக்கும் முன் ஊழியர் சங்கத்தை அழைத்து, நல்லெண்ணத்தோடு பேச வேண்டும். ஒப்புக்கொள்ள வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பேச வேண்டும் என்பதே கட்டாயம். நகர மன்றம் சாசனத் திருத்தத்தை மக்கள் வாக்குக்கு விடும்போதும் இந்தக் கடமை உண்டு என்று சீல் பீச் நகரம் பற்றிய வழக்கில் 1984-இல் மாநில உச்ச நீதிமன்றம் தீர்த்திருந்தது. அதே சமயம், குடிமக்கள் தாமே கையெழுத்துத் திரட்டி ஒரு முன்மொழிவைக் கொண்டுவந்தால், அதற்கு முன் நகரம் பேச்சு நடத்த வேண்டியதில்லை என்று பொதுவாகக் கருதப்பட்டது. சான் டியேகோ தேர்ந்தெடுத்தது இந்த இரண்டாம் வழியை. மேயர் திட்டத்தைத் தன் அலுவலகத்திலிருந்து அறிவித்தார், நகர நிலவர உரையில் அதைப் பேசினார், இணைந்த வரைவின் விதிகளைப் பேசி முடிவு செய்தார், ஆதரவு திரட்டினார். ஆனால் மனுவில் முன்மொழிந்தவர்களாகக் கையெழுத்திட்டவர்கள் குடிமக்கள் மூவர். சங்கங்கள் 2011-இல் மீண்டும் மீண்டும் எழுதிப் பேச்சுக்கு அழைத்தபோது, இது குடிமக்களின் முன்மொழிவு, மேயர் தனிமனிதராகவே ஆதரிக்கிறார், ஆகவே பேச வேண்டியதில்லை என்று நகரம் பதில் சொன்னது.

அரசு ஊழியர்களுக்கும் நிர்வாகத்துக்கும் இடையிலான தகராறுகளை விசாரிக்கும் மாநில வாரியம் 2015 டிசம்பரில் இதைச் சட்ட மீறல் என்று முடிவு செய்தது. 2017-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த முடிவை மாற்றி நகரத்தின் பக்கம் நின்றது. 2018 ஆகஸ்ட் 2 அன்று போலிங் வழக்கு என்று அறியப்படும் தீர்ப்பில் மாநில உச்ச நீதிமன்றம் ஒருமனதாக வாரியத்தின் பக்கம் நின்றது. பேச்சு நடத்தும் கடமையுள்ள தலைமை நிர்வாகி, தன் பதவியின் செல்வாக்கைக் கொண்டே ஒரு கொள்கையை உருவாக்கி முன்னெடுத்துவிட்டு, அதன் மேல் குடிமக்களின் பெயரை ஒட்டுவதன் மூலம் அந்தக் கடமையிலிருந்து தப்ப முடியாது என்பதே அதன் சாரம். இதைக் கவனமாகப் படியுங்கள். புதிய ஊழியருக்கு ஓய்வூதியத்தை நிறுத்துவது தவறு என்று நீதிமன்றம் எங்கும் சொல்லவில்லை. மக்களுக்கு அந்த உரிமை இல்லை என்றும் சொல்லவில்லை. வாக்குப்பெட்டிக்குப் போவதற்கு முன் நகரம் கடந்திருக்க வேண்டிய ஒரு படியைக் கடக்கவில்லை என்றுதான் சொன்னது. சங்கங்கள் தொடர்ந்து நடத்திய வழக்காடலின் முடிவில், 2021 ஜனவரியில் சான் டியேகோ உயர்நிலை நீதிமன்றம் அந்தத் திருத்தத்தைச் சாசனத்திலிருந்தே நீக்கியது.

மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வீணாகிவிட்டதே என்ற உங்கள் ஆதங்கம் எனக்குப் புரிகிறது. அதை லேசாக எண்ணவில்லை. வாக்களித்தவர்கள் பெரும்பாலும் நேர்மையான கோபத்தோடு வாக்களித்தார்கள். பத்தாண்டுக் காலம் மறைக்கப்பட்ட கடனைக் கட்டிக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். ஆனால் அந்த வாக்குச்சீட்டு அவர்களுடைய கோபத்தை அதற்குக் காரணமில்லாதவர்கள் பக்கம் திருப்பியது. 1996-லும் 2002-லும் கொடுக்கப்பட்ட காரணி உயர்வுகள் அப்படியே இருந்தன. பழைய கடனும் அப்படியே இருந்தது, ஏனென்றால் புதியவர்களைச் சேர்க்காமல் விடுவதால் ஏற்கெனவே பட்ட கடன் குறைவதில்லை. சுமை ஏறியது 2012-க்குப் பின் வந்தவர்கள் மீது. சமூகப் பாதுகாப்பும் இல்லாமல் ஓய்வூதியமும் இல்லாமல் அவர்கள் நின்றார்கள். அண்டை நகரங்களும் மாவட்டமும் ஓய்வூதியம் கொடுத்துக்கொண்டிருந்ததால், பயிற்சி பெற்ற தீயணைப்பு வீரரும் பொறியாளரும் அங்கே போகத் தயங்கவில்லை. முதலில் பேசியிருந்தால் வேறு வழிகள் மேசைக்கு வந்திருக்கக்கூடும்: குறைந்த காரணியும் சேமிப்புக் கணக்கும் கலந்த திட்டம், உச்ச ஆண்டு ஊதியத்துக்குப் பதில் மூன்று ஆண்டுச் சராசரி, ஊழியர் பங்கைக் கூட்டுவது. 2009 ஜூலைக்குப் பின் சேர்ந்த பொது ஊழியர்களுக்கு இந்த வகையான குறைந்த திட்டம் ஒன்றை நகரம் சங்கங்களோடு பேசியே கொண்டுவந்திருந்தது. அது எந்த நீதிமன்றத்திலும் உடையவில்லை.

திருத்தம் நீங்கியபின் 2021 ஜூலை முதல் புதிய ஊழியர்கள் மீண்டும் ஓய்வூதியத் திட்டத்தில் சேர்க்கப்பட்டார்கள். இடைப்பட்ட ஒன்பது ஆண்டுகளில் சேர்ந்திருந்த சில ஆயிரம் பேரின் கணக்கைத் தீர்ப்பது அதைவிடச் சிக்கலானது. அவர்கள் ஓய்வூதியத் திட்டத்தில் இருந்திருந்தால் பெற்றிருக்கக்கூடியதற்கும் சேமிப்புக் கணக்கில் பெற்றதற்கும் உள்ள வேறுபாட்டை ஆண்டுக்கு 7 சதவீத வட்டியோடு ஈடுசெய்ய வேண்டும் என்பது ஆணை. ஒவ்வொரு சங்கத்தோடும் தனித்தனியாகப் பேசி, ஒவ்வோர் ஊழியரின் கணக்கையும் எடுத்து, அவர் விட்டுப்போன ஆண்டுகளை நிதியத்துக்குள் கொண்டுவர வேண்டியிருந்தது. பசிபிக் கரையில் அலைக்குள் இறங்கி மனிதர்களை மீட்கும் நகர உயிர்காப்பாளர் ஒருவர் 2013-இல் சேர்ந்திருந்தால், எட்டு ஆண்டுகள் கழித்து அவர் முன் இரண்டு தொகைகளை எழுதிய ஒரு தாள் வந்திருக்கும்: இதுவரை சேமித்தது ஒன்று, அதை ஒப்படைத்தால் திரும்பக் கிடைக்கும் ஓய்வூதியம் இன்னொன்று. 2011-இல் சங்கங்கள் கேட்டபோது நகரம் நடத்த மறுத்த பேச்சு, அந்தத் தாளைத் தயாரிப்பதற்காகக் கடைசியில் நடந்தே ஆக வேண்டியிருந்தது.